இலைப்பொடி பாக்கெட்டில் "ஆன்டிஆக்ஸிடன்ட் 92%" என்று போட்டிருந்தால் அதற்கு என்ன அர்த்தம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார், கூடவே இரும்புச்சத்து மாத்திரையும் போகிறது. அடிக்கடி சளி பிடிக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லி, ஆடாதொடை, நொச்சி, ஆவாரை மூன்றின் இலையும் கலந்த பொடி வாங்கியிருக்கிறீர்கள். பாக்கெட்டில் "டிபிபிஹெச் சோதனையில் 92 சதவீத ஆன்டிஆக்ஸிடன்ட் திறன்" என்று அச்சடித்திருக்கிறது. இந்த மூன்றில் எதில் ஆன்டிஆக்ஸிடன்ட் அதிகம், பச்சை இலை நல்லதா பொடி நல்லதா, கொதிக்க வைத்தால் சத்து போய்விடுமா, தினமும் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். நான்கு கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: அந்த 92 என்ற எண் உங்கள் அம்மாவின் உடம்பைப் பற்றி ஏதாவது சொல்கிறதா? கிட்டத்தட்ட ஒன்றுமே சொல்லவில்லை என்பதுதான் என் பதில். ஆனால் அதற்காக அந்த இலைகளில் மருந்தே இல்லை என்று அர்த்தமில்லை. மருந்து இருக்கிறது, அந்தச் சோதனை அளக்காத இடத்தில் இருக்கிறது. நான் வைத்தியன் இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் தாவர வேதியியல் பார்த்தவன், இதே சோதனையை மாணவர்களோடு சேர்ந்து சலிக்கச் சலிக்கச் செய்தவன். அந்த இடத்திலிருந்துதான் பேசுகிறேன்.

முதலில் அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். டிபிபிஹெச் என்பது ஒரு நிலையான ஃப்ரீ ரேடிக்கல், அதாவது ஜோடியில்லாத ஓர் எலக்ட்ரானோடு நிற்கும் மூலக்கூறு. அப்படிப்பட்டதை அடக்கும் பொருளைத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிறோம். மெத்தனாலில் கரைத்தால் நல்ல ஊதா நிறம் வரும். இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, பெரும்பாலும் மெத்தனாலிலேயே ஊறவைத்து, வடிகட்டி, மெத்தனாலை ஆவியாக்கினால் பிசின் மாதிரி ஒரு சாறு மிஞ்சும். அதைத் திரும்பவும் கரைத்து ஊதாக் கரைசலில் விட்டு, அரை மணி நேரம் இருட்டில் வைத்து, 517 நானோமீட்டர் அலைநீளத்தில் எவ்வளவு நிறம் குறைந்தது என்று பார்ப்பார்கள். சாற்றில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருட்கள் ஒரு ஹைட்ரஜனையோ எலக்ட்ரானையோ விட்டுக்கொடுத்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். 1958-ல் பிளாய்ஸ் என்பவர் வெளியிட்ட முறை இது. மலிவு, ஒரு மதியத்தில் முடிந்துவிடும், நிறத்தின் அடர்த்தியை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் ஒன்று இருந்தால் போதும். தாவரவியல், வேதியியல், உயிர்வேதியியல் என்று எந்தத் துறையில் முதுகலை ஆய்வேடு எழுத வேண்டுமானாலும் ஒரு செடியைப் பிடித்து இதைச் செய்துவிடலாம், அதனால்தான் இவ்வளவு கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மாணவர்கள் கை பழகுவதற்கு அருமையான சோதனை, எந்தச் சாற்றை மேலும் பிரித்துப் பார்க்கலாம் என்று முதலில் சலித்தெடுப்பதற்கும் உதவும். அதை பாக்கெட்டில் அச்சடிப்பதில்தான் எனக்குச் சண்டை.

ஏனென்றால் அந்த 92 சதவீதம் எந்த அளவுச் சாற்றில் கிடைத்தது என்று போடவில்லை. சாற்றின் அடர்த்தியைக் கூட்டிக்கொண்டே போனால் எந்த இலையும் 90-ஐத் தொட்டுவிடும். வேப்பிலை, கொய்யா இலை, மா இலை, வேலியில் கிடக்கும் உண்ணிச்செடி இலை எதுவாக இருந்தாலும் சரி. அதனால்தான் ஆய்வகத்தில் சதவீதத்தை நம்பாமல், நிறத்தைப் பாதியாகக் குறைக்க ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் சாறு தேவைப்பட்டது என்று பார்ப்போம். அந்த எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு வீரியம். அதையும் அஸ்கார்பிக் அமிலத்தோடு, அதாவது வைட்டமின் சி-யோடு, பக்கத்தில் வைத்துத்தான் சொல்ல வேண்டும். இன்னொரு தொல்லை: இலைச் சாற்றில் பச்சையமும் கரோட்டினாய்டும் இருக்கும், அவற்றின் நிறமும் கருவியில் பதிவாகும், சாற்றை மட்டும் தனியாக வைத்துக் கழிக்காவிட்டால் எண் தப்பாகும். வேறு ஆய்வகத்தில், வேறு கரைப்பானில், வேறு நேரம் வைத்துச் செய்தால் வேறு எண் வரும். ஆகவே மூன்று இலைகளில் எதில் அதிகம் என்ற உங்கள் கேள்விக்கு இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகளை ஒப்பிட்டு விடை சொல்ல முடியாது. ஒரே ஆய்வகத்தில், ஒரே நாளில், ஒரே முறையில் மூன்றையும் வைத்துச் செய்திருந்தால்தான் ஒப்பீடு.

சில பாக்கெட்டுகளில் "மொத்த ஃபீனால் அளவு" என்றும் போடுவார்கள். அது ஃபோலின்–சியோகால்ட்டோ என்ற மஞ்சள் கரைசலை நீலமாக்கி அளப்பது. அந்தக் கரைசலை 1927-ல் உருவாக்கியதே புரதத்தில் உள்ள டைரோசின், டிரிப்டோஃபேன் என்ற இரண்டு அமினோ அமிலங்களை அளப்பதற்கு. ஃபீனாலுக்கு மட்டும் அது நிறம் மாறுவதில்லை. வைட்டமின் சி-க்கும் மாறும், சில சர்க்கரைகளுக்கும் மாறும், புரதத்துக்கும் மாறும். "மொத்த" என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும்.

சரி, இலைக்குள் உண்மையில் என்னதான் இருக்கிறது? குவெர்செட்டின், கேம்ஃபெரால், லூட்டியோலின் போன்ற ஃபிளேவனாய்டுகள், பெரும்பாலும் ஒரு சர்க்கரை மூலக்கூறு ஒட்டிய நிலையில் இருக்கும். காலிக் அமிலம், காஃபியிக் அமிலம் மாதிரி சிறிய ஃபீனாலிக் அமிலங்கள், துவர்ப்புக்குக் காரணமான டானின்கள், அப்புறம் பச்சையத்தோடு கலந்து கிடக்கும் கரோட்டினாய்டுகள், கொஞ்சம் வைட்டமின் சி, வைட்டமின் ஈ. செடி இவற்றை நமக்காகச் செய்யவில்லை. நிழலுக்கு ஓடிப்போக முடியாத உயிர் அது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்க மேல்தோலில் ஃபிளேவனாய்டைச் சேர்த்து வைக்கிறது, ஆடும் பூச்சியும் கடித்தால் வாய் ஒட்டிக்கொள்ளட்டும் என்று டானின் வைக்கிறது. அதனால் ஒரே நொச்சிப் புதரில் வெயில் படும் கிளையின் இலைக்கும் உள்ளே நிழலில் இருக்கும் இலைக்கும் அளவு மாறும். பருவம், மண், இலையின் வயது எல்லாம் சேர்ந்து விளையாடும். சித்திரையில் பறித்த மூட்டையும் ஐப்பசியில் பறித்த மூட்டையும் ஒரே எண்ணைத் தராது, ஆனால் பாக்கெட்டில் வருடம் முழுக்க அதே 92.

இப்போது வயிற்றுக்குள் போனால் என்ன ஆகிறது என்பதற்கு வருகிறேன், விஷயத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. குவெர்செட்டினையே எடுத்துக்கொள்வோம், இது பற்றி மனிதர்களிடம் நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். சிறுகுடல் சுவரில் சர்க்கரை கழன்று, உள்ளே போனவுடனேயே குடலும் கல்லீரலும் அதன் மேல் குளுகுரோனைடு, சல்பேட் என்று ஏதாவது ஒன்றை ஒட்டி, சீக்கிரம் வெளியேற்றும் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. உறிஞ்சப்படாதது பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்துச் சிறிய அமிலங்களாக்கிவிடும். இரத்தத்தில் கடைசியில் தென்படும் அளவு ஒரு மைக்ரோமோலார் இருந்தாலே பெரிய விஷயம், அதாவது மில்லிலிட்டருக்குச் சுமார் 0.3 மைக்ரோகிராம். சோதனைக் குழாயில் நிறத்தைப் பாதியாக்க 50 மைக்ரோகிராம் தேவைப்பட்டது என்று வைத்துக்கொண்டால், எவ்வளவு தூரம் என்று நீங்களே பாருங்கள். அதே இரத்தத்தில் வைட்டமின் சி சுமார் 50 மைக்ரோமோலார் ஏற்கெனவே ஓடுகிறது, யூரிக் அமிலம் 200 முதல் 400 மைக்ரோமோலார் வரை இருக்கிறது. யூரிக் அமிலமும் ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட்தான், அதைக் கூட்டிக்கொள்ள யாரும் பொடி வாங்குவதில்லை! இதற்கெல்லாம் மேல் செல்லுக்குள் கேட்டலேஸ், குளூட்டதயோன் பெராக்ஸிடேஸ் போன்ற நொதிகள் இருக்கின்றன, அவை ஒரு நொடியில் செய்யும் வேலையை இலைச் சாறு நெருங்க முடியாது. ஆகவே "இலையில் உள்ள ஆன்டிஆக்ஸிடன்ட் இரத்தத்தில் போய் ஃப்ரீ ரேடிக்கலைப் பிடித்து அடக்குகிறது" என்ற படம், விளம்பரத்தில் பார்க்க நன்றாக இருந்தாலும், அளவுக் கணக்கில் நிற்கவில்லை. இது உறுதியாகச் சொல்லக்கூடியது.

அப்படியென்றால் ஃபிளேவனாய்டுகளால் பலனே இல்லையா என்றால், அதுவும் இல்லை. அவை வேறு வழியில் வேலை செய்யலாம். செல்லுக்குள் என்ஆர்எஃப்2 என்று ஒரு புரதம் உண்டு. லேசான ரசாயனத் தொந்தரவு வந்தால் அது விழித்துக்கொண்டு செல்லின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளைக் கூடுதலாகச் செய்யச் சொல்லும். சில தாவரப் பொருட்கள் அப்படிச் சீண்டிவிடுகின்றன என்பது செல்களிலும் விலங்குகளிலும் நன்றாகவே காட்டப்பட்டிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சீண்டல் பல சமயம் ஆன்டிஆக்ஸிடன்ட் வேலையே அல்ல, அதற்கு எதிரான வேலை. ஒரு ஸ்பூன் இலைப்பொடி மனிதரிடம் அதை எந்த அளவுக்குச் செய்யும் என்பது சந்தேகப் பட்டியலில்தான் இருக்கிறது, யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். காய், கீரை, பழம் நிறையச் சாப்பிடுபவர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்பது பெரிய மக்கள் கணக்கெடுப்புகளில் திரும்பத் திரும்ப வருவது. அது ஆன்டிஆக்ஸிடன்ட்டால்தானா என்பதுதான் நிரூபிக்கப்படாதது. நார்ச்சத்து இருக்கிறது, பொட்டாசியம் இருக்கிறது, அதைச் சாப்பிடுபவர்களின் மற்றப் பழக்கங்களும் இருக்கின்றன.

தனியாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தபோது நடந்ததும் தெரிந்திருக்க வேண்டும். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சிலருக்கு தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது, அதைச் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது, குறைவாக அல்ல. அமெரிக்காவில் நடந்த இதே மாதிரி ஆய்வை 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தினார்கள், அங்கும் கூடியது. அமெரிக்க வேளாண் துறை உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் மதிப்பெண்களை ஓராக் என்ற பெயரில் பெரிய பட்டியலாக இணையத்தில் வைத்திருந்தது. அந்த எண்களுக்கும் மனித ஆரோக்கியத்துக்கும் தொடர்பு காட்டப்படவில்லை, விளம்பரத்துக்குத்தான் பயன்படுகிறது என்று சொல்லி 2012-ல் எடுத்துவிட்டார்கள். பத்து வருடத்துக்கு மேலாகியும் அதே மாதிரி எண்கள் நம் ஊர்ப் பொடிகளில் புதிதாக வந்து உட்காருகின்றன.

புதர்ச்செடி இலையில் ஆன்டிஆக்ஸிடன்ட்தான் வேண்டும் என்று ஒருவர் அடம்பிடித்தால் நான் தேயிலையைத்தான் காட்டுவேன். நீலகிரியில் கவாத்து செய்து இடுப்பளவில் வைத்திருக்கும் அதே புதர்தான். இளந்தளிரின் உலர்ந்த எடையில் கால் பங்குக்கும் மேல் பாலிஃபீனால் இருக்கும், டிபிபிஹெச் போட்டியில் உங்கள் மூன்று இலைகளும் பச்சைத் தேயிலையை ஜெயிப்பது கஷ்டம். ஆனால் அதிலுள்ள முக்கியப் பொருளான ஈஜிசிஜி-யைப் பிரித்துச் செறிவாக்கி மாத்திரையாக விற்றபோது கல்லீரல் பிரச்சினைகள் வந்தன. தினம் 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தவர்களிடம் கல்லீரல் நொதிகள் உயர்ந்ததை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எடுத்துச் சொன்னது. கோப்பையில் குடித்தால் தேநீர், செறிவாக்கினால் வேறு கதை.

இப்போது உங்கள் பாக்கெட்டில் உள்ள இலைகளுக்கு வருவோம், ஒவ்வொன்றாக. ஆடாதொடையின் மருந்து வாசிசின் என்ற ஆல்கலாய்டு, அதாவது நைட்ரஜன் உள்ள தாவரப் பொருள். 1888-லேயே டேவிட் ஹூப்பர் அதைப் பிரித்தார். அவர் அப்போது உதகமண்டலத்தில் சின்கோனா பட்டையின் குயினைனைச் சோதிக்க அரசு வைத்திருந்த வேதியியலாளர், அதாவது நம் மலையிலேயே நடந்த வேலை. வாசிசினின் அமைப்பை மாதிரியாக வைத்துத்தான் 1960-களில் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்து வந்தது. புரோம்ஹெக்சின் உடலுக்குள் மாறிக் கிடைக்கும் பொருள்தான் ஆம்ப்ராக்சால், இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் இருமல் மருந்துகள் பலவற்றின் லேபிளில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். பாட்டி சளிக்கு ஆடாதொடை கொடுத்ததற்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டுமா? ஆனால் கவனியுங்கள், வாசிசினில் ஃபீனால் தொகுதியே கிடையாது, டிபிபிஹெச் அதைக் கண்டுகொள்ளாது. காற்றுப் பட்டால் வாசிசின் தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து வாசிசினோனாக மாறிக்கொண்டிருக்கும். ஆடாதொடைச் சாறு ஊதாவை வெளுக்கவைத்தால் அது கூட இருக்கும் ஃபிளேவனாய்டுகளின் வேலை, இருமலுக்கு வேலை செய்யும் பொருளின் வேலை அல்ல. அதே வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கவைக்கும் குணமும் உண்டு. வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் அந்தப் பொடியைத் தொடவே கூடாது, பாக்கெட்டில் பெரிதாகப் போட வேண்டியது இதுதான், அதைப் போடாமல் 92-ஐப் போட்டிருக்கிறார்கள். இன்னொன்று, ஆடாதொடையில் பெரியது, சிற்றாடாதொடை என்று இரண்டு இனங்கள் உண்டு, கேரளப் பக்கம் சிறியதையும் மருந்துக்கு எடுக்கிறார்கள். பொடியான பிறகு எது என்று கண்ணால் சொல்ல முடியாது.

நொச்சி இன்னும் சுவாரஸ்யம். அதில் காஸ்டிசின் என்ற ஃபிளேவனாய்டு உண்டு, அழற்சியைக் குறைக்கும் தன்மை செல்களிலும் எலிகளிலும் பார்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த மூலக்கூறில் ஹைட்ராக்சில் தொகுதிகள் நான்கு இடத்தில் மெத்தில் போட்டு மூடப்பட்டிருக்கின்றன, குவெர்செட்டினில் இருப்பது போல அடுத்தடுத்து இரண்டு திறந்த ஹைட்ராக்சில் அதில் இல்லை. ஊதாவை வெளுக்கவைப்பதில் அது குவெர்செட்டினுக்குப் பின்னால்தான் நிற்கும். ஆக, பரீட்சையில் கேள்வி வராத பாடத்தில் கெட்டிக்காரப் பையன் மாதிரி. அப்புறம் நொச்சியை நம் வீடுகளில் முக்கியமாக எதற்குப் பயன்படுத்தினோம்? ஆவி பிடிக்க, தலையணையில் வைக்க, தானியக் குதிரில் பூச்சி வராமல் போட்டு வைக்க. மூன்றுமே மணத்தை நம்பிய வேலைகள், அதாவது சபினீன், காரியோஃபிலீன் போன்ற எளிதில் பறந்துபோகும் எண்ணெய்கள். இலையை உலர்த்தும்போதே அதில் ஒரு பங்கு போய்விடும், ஆய்வகத்தில் மெத்தனாலை ஆவியாக்கும்போது மிச்சத்தில் பெரும்பங்கும் போய்விடும், சோதனைக்கு வருவது அது போன பிறகு மிஞ்சியதுதான். மூக்கடைப்புக்கு ஆவி பிடித்தால் இதமாக இருக்கும் என்பதை ஏற்கிறேன். நொச்சிப்பொடியைத் தினம் குடித்தால் சளி வராது என்பதற்கு மனிதரிடம் செய்த நல்ல ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை.

ஆவாரை பற்றி வருகிற "சர்க்கரையைக் குறைக்கிறது" என்ற செய்திகளில் மிகப்பெரும்பாலானவை ஸ்ட்ரெப்டோசோட்டோசின் ஊசி போட்டுக் கணையத்தைக் கெடுத்த எலிகளில் செய்தவை, அதிலும் இலையைவிடப் பூவில் செய்தவை அதிகம். எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 400 மில்லிகிராம் சாறு கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதருக்கு மாற்ற வழக்கமாக 6.2-ஆல் வகுப்பார்கள், 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 3.9 கிராம் சாறு வரும். பத்து கிராம் உலர்ந்த இலையிலிருந்து ஒரு கிராம் சாறு கிடைக்கிறது என்றால், அதற்குத் தினம் ஏறத்தாழ 40 கிராம் இலை வேண்டும். நீங்கள் கொடுப்பது ஒரு டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்கு ஆவாரை. எலியில் வந்த பலனை அந்த டீஸ்பூனுக்கு எழுதிவைக்க முடியாது. அதே சமயம் சர்க்கரையில் அதற்கு எந்தப் பங்கும் இருக்காது என்றும் நான் சத்தியம் செய்ய மாட்டேன். அம்மாவின் டாக்டருக்கு இதைச் சொல்ல வேண்டும், வீட்டில் குளூக்கோமீட்டர் இருந்தால் பார்த்துக்கொள்ள வேண்டும். இடையில் ஒரு வார்த்தை: அம்மா சாப்பிடும் மெட்ஃபார்மினே கலேகா என்ற ஐரோப்பியச் செடியில் இருந்த கலெஜின் என்ற பொருளைப் பின்தொடர்ந்து போனதன் விளைவுதான். செடியில் மருந்து உண்டு என்பதில் வேதியியல் படித்த யாருக்கும் சந்தேகம் கிடையாது. எந்தப் பொருள், எவ்வளவு, யாருக்கு என்ற மூன்றையும் கண்டுபிடித்த பிறகுதான் அது மாத்திரையாக உங்கள் வீட்டுக்கு வந்தது.

உங்கள் பொடியில் இல்லாவிட்டாலும் மருதாணியைச் சொல்லாமல் விட முடியவில்லை, ஏனென்றால் சோதனைக் குழாய்க்கும் உடம்புக்கும் உள்ள இடைவெளியை இதைவிடப் பளிச்சென்று காட்டும் இலை எனக்குத் தெரியாது. மருதாணி இலைச் சாறு டிபிபிஹெச்-ல் நல்ல மார்க் வாங்கும். ஆனால் அதில் சிவப்புக்குக் காரணமான லாசோன் என்ற பொருள், உலர்ந்த இலையில் 0.5 முதல் 1.5 சதவீதம் வரை இருப்பது, இரத்தச் சிவப்பணுவுக்குள் போனால் ஆக்சிஜனேற்றத்தை உண்டாக்கும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பவர்கள் உலகத்தில் சுமார் 40 கோடிப் பேர் இருக்கிறார்கள், இந்தியாவிலும் உண்டு. அப்படிப்பட்ட கைக்குழந்தைகளுக்கு உடம்பில் மருதாணி பூசியதற்கே சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலையும் இரத்தசோகையும் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. குழாயில் ஆன்டிஆக்ஸிடன்ட், குழந்தையின் இரத்தத்தில் நேர் எதிர். கைக்கு வைப்பதை நான் தடுக்கவில்லை, ஆனால் மருதாணி இலையை அரைத்து உள்ளுக்குக் கொடுக்கும் பழக்கம் எங்கேயாவது பார்த்தால் தடுத்துவிடுங்கள்.

பச்சையா பொடியா, கொதிக்க வைக்கலாமா என்ற கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பறித்த இலையைக் கசக்கி வைத்தால் அதிலுள்ள நொதியே ஃபீனால்களைக் கறுக்கவைக்கும், அதனால் மெதுவாக ஈரத்தோடு உலரும் இலையில் இழப்பு அதிகம், காற்றோட்டமான நிழலில் சீக்கிரம் உலர்ந்தால் குறைவு. வைட்டமின் சி உலர்த்துவதிலேயே பெரும்பாலும் போய்விடும். சர்க்கரை ஒட்டிய ஃபிளேவனாய்டுகளும் டானின்களும் பத்து நிமிடக் கொதிக்கு அழிந்துவிடாது, சொல்லப்போனால் வெந்நீர்தான் அவற்றை இலையிலிருந்து வெளியே இழுக்கிறது. கரோட்டினாய்டு தண்ணீரில் இறங்காது, சக்கையோடு போய்விடும். மணமுள்ள எண்ணெய் திறந்த பாத்திரத்தில் கொதித்தால் வீட்டுக்கு மணமாகப் போய்விடும். மெத்தனாலில் இறங்கியது எல்லாம் தண்ணீரில் இறங்காது என்பதால், பாக்கெட்டில் உள்ள 92 மெத்தனாலில் வந்த எண்ணாக இருந்தால் உங்கள் கஷாயத்துக்கும் அதற்கும் அங்கேயே உறவு அறுந்துவிடுகிறது.

தினமும் கொடுக்கலாமா? நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன். மூன்று வெவ்வேறு வேலையுள்ள இலைகளை ஒன்றாகக் கலந்து, இருமல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலை காபி மாதிரி குடிப்பதற்கு நம் மரபிலும் அப்படியொன்றும் ஆதாரம் கிடையாது. சித்த மருத்துவர்கள் ஆடாதொடையை நோய் பார்த்து, துணைச்சரக்கு சேர்த்து, நாள் கணக்கு வைத்துத்தான் கொடுப்பார்கள். ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற காரணத்தை அவர்கள் யாரும் சொன்னதில்லை, அது பிறகு நாங்கள் ஆய்வகக்காரர்கள் ஒட்டியது. சளி இருமல் வரும்போது பதிவுபெற்ற சித்த மருத்துவரிடம் காட்டி ஆடாதொடையைச் சில நாள் கொடுங்கள், அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது, மெட்ஃபார்மின் சாப்பிடுவதை அங்கே முதலிலேயே சொல்லுங்கள். நொச்சியை ஆவிக்கு வைத்துக்கொள்ளுங்கள், வயதானவர் என்பதால் கொதிக்கும் பாத்திரத்தை மடியில் வைக்காமல் மேசையில் வையுங்கள், ஆவியில் வரும் இதத்தைவிடக் கொட்டிச் சுட்டுக்கொள்ளும் ஆபத்து பெரிது. அடிக்கடி சளி என்று சொன்னீர்களே, சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குத் தொற்று அடிக்கடி வரும், மூன்று மாத சராசரி பார்க்கும் ஹெச்பிஏ1சி பரிசோதனை கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் பொடி தேடாமல் சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

இரும்பு மாத்திரை விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. ஆவாரை டானின் நிறைந்த செடி, அதன் பட்டையில் தோல் பதனிட்ட காலம் உண்டு. டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பாகக் கட்டிக்கொள்ளும், குடலில் அப்படிக் கட்டிக்கொண்ட இரும்பு உள்ளே போகாது. தேநீருக்கும் இதே கதைதான். அம்மா காலையில் பொடியும் மாத்திரையும் அடுத்தடுத்து எடுத்துக்கொண்டிருந்தால் மாத்திரையில் ஒரு பகுதி வீணாகியிருக்க வாய்ப்பு இருக்கிறது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் ஏறவில்லை என்று டாக்டர் சொன்னால் மாத்திரையை மாற்றுவதற்கு முன் இந்தப் பொடியைப் பற்றி அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

பாக்கெட்டில் பார்க்க வேண்டியது அந்தச் சதவீதம் அல்ல. மருந்து என்று விற்றால் சித்த மருந்துத் தயாரிப்பு உரிம எண் இருக்க வேண்டும், உணவு என்று விற்றால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கும். நோயைக் குணமாக்கும் என்று போட்டுக்கொண்டு உணவு உரிமம் மட்டும் இருந்தால் அங்கேயே சந்தேகப்படலாம். செடியின் தாவரவியல் பெயர், இலையா வேரா என்ற விவரம், தயாரித்த தேதி இவை இருக்கிறதா பாருங்கள். ஈயம் போன்ற உலோகங்களுக்கும் பூஞ்சைக்கும் சோதித்த அறிக்கை கேளுங்கள், சாலையோரத்தில் பறித்த இலையில் முதல் கவலை அதுதான், டிபிபிஹெச் அறிக்கை தர முடிந்தவர்களுக்கு இதையும் தர முடிய வேண்டும். வாங்கியதில் மீதம் இருப்பது ஈரம் பட்டுக் கட்டி கட்டியாகியிருந்தாலோ முக்கல் வாடை அடித்தாலோ யோசிக்காமல் குப்பையில் போட்டுவிடுங்கள்.